முன்பல்லும் ஒரு 'சரிங்க'வும்

1

என் மேல்வரிசை முன்பல்லைப் பிடுங்குவதற்கு அனுமதி வந்துவிட்டது. மூன்று பக்கக் கடிதம், கடைசிப் பக்கத்தில் நீல முத்திரை, அதன்மேல் படிக்க முடியாத ஒரு கையெழுத்து. இங்கே மருத்துவத்துக்காக மாதாமாதம் சந்தா கட்டுகிறோமே, அந்தக் காப்பீட்டு அலுவலகம் அனுப்பியது. 'தங்கள் விருப்பத்தின்படி' என்று அதில் ஒரு வரி இருந்தது. நான் விரும்பவும் இல்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை. அதனால்தான் ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். என் பல் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே அதன் வேர் கரைந்துகொண்டிருக்கிறது. வலி இல்லை, வீக்கம் இல்லை, ஆட்டம்கூட இல்லை. இந்த நாட்டில் வலி இல்லாதவர்களும் வருஷத்துக்கு ஒரு முறையாவது பல் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்ட வேண்டும். அதற்கென்று ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள், போனதற்குச் சாட்சியாக அதில் முத்திரை குத்துவார்கள். நான் முத்திரை குத்திக்கொள்ளப் போனேன். எங்கள் டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, கண்ணாடிக் குச்சியின் பின்பக்கத்தால் பற்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். மற்றதெல்லாம் டொக் டொக் என்றது. இது மட்டும் 'டிங்' என்றது. எனக்கே கேட்டது.

"இந்தப் பல்லில் எப்போதாவது அடிபட்டதா?" என்று கேட்டார். முதல் நாள் நிரப்பிக் கொடுத்த படிவத்திலும் அந்தக் கேள்வி இருந்தது. 'இல்லை' என்ற கட்டத்தில் நான் குறி போட்டிருந்தேன், இப்போது வாயாலும் அதையே சொன்னேன். அது பொய். ஏன் பொய் சொன்னேன் என்று பிறகு சொல்கிறேன். காரணம் தெரியாத கரைதல் என்று எழுதிக்கொண்டு அவர் தலையை ஆட்டினார்.

2

ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு சிறு ஊர் இது. நூற்பு இயந்திரங்கள் செய்கிற தொழிற்சாலையில் எனக்கு வேலை, வந்து எட்டு வருஷமாகிறது. வேலைக்கு வேண்டிய ஜெர்மன் மொழி எனக்கு நன்றாகவே வரும். வினைச்சொல்லை வாக்கியத்தின் கடைசியில் கொண்டுபோய் வைக்கிற பழக்கம் நமக்கும் உண்டு என்பதால் இலக்கணம் என்னைப் பெரிதாக மிரட்டவில்லை. மாட்டிக்கொண்டது மரியாதையில்.

நம் பக்கத்துச் 'சரிங்க'வுக்கு எத்தனை அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்பதற்குச் சரிங்க. உங்கள்மேல் மதிப்பு வைத்திருக்கிறேன் என்பதற்குச் சரிங்க. பேச்சை முடியுங்கள், பஸ் வந்துவிட்டது என்பதற்கும் சரிங்க. எப்போதாவது ஒரு தடவை, ஒப்புக்கொள்கிறேன் என்பதற்கும் அதே சரிங்கதான். எந்தச் சரிங்க எது என்று கேட்கிறவருக்குத் தெரியும். மறுக்க வேண்டுமென்றால் 'பாக்கலாங்க' என்போம். ஒருவர் முகத்தைப் பார்த்து 'வேண்டாம்' என்று மொட்டையாகச் சொன்ன நாள் என் வாழ்க்கையில் இல்லை. பேனாவால் 'இல்லை' என்று குறி போட எனக்குத் தெரியும், வாயால் 'வேண்டாம்'தான் வராது.

ஜெர்மனில் சரி என்பதற்கு 'யா'. வந்த புதிதில் வெறும் 'யா' சொல்ல எனக்குச் சட்டை போடாமல் தெருவில் நிற்பதுபோல் இருந்தது. தேடியதில் 'பிட்டே' என்று ஒரு சொல் கிடைத்தது. தயவுசெய்து என்று பொருள். அதையே என் 'ங்க' ஆக்கிக்கொண்டேன். எங்கேயும் எதற்கும் 'யா, பிட்டே'. எனக்குள் அது 'சரிங்க' என்றே ஒலித்தது. கேட்கிறவர்கள் காதில் 'ஆமாம், தயவுசெய்து கொடுங்கள்' என்று விழுந்திருக்கிறது. ரொட்டிக் கடையில் 'வேறு ஏதாவது?' என்று அந்தப் பெண் கேட்பாள், நான் மரியாதையாக 'யா, பிட்டே' என்பேன், அவள் எதையாவது எடுத்துப் பையில் போடுவாள். ஒரு சனிக்கிழமை நான்கு ரொட்டிகளும், பெயர் தெரியாத இரண்டு கேக்குகளும், ஒரு பொட்டலம் கசகசா பன்னும் வாங்கி வந்தேன்.

என் மனைவி சுமதி சத்தியமங்கலத்துக்காரி. பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "போதும்னு ஒரு வார்த்தை சொன்னா என்னங்க கொறஞ்சு போயிரும் உங்களுக்கு?" என்றாள். "சரிங்க அம்மணி" என்றேன். அதுவும் காதில் விழுந்தது வகைச் சரிங்கதான்.

டாக்டரம்மாவிடமும் இதுவே நடந்தது. அரை மணி நேரம் பொறுமையாக விளக்கினார். கடைசியில், "இப்போது எடுத்துவிடுவது ஒரு வழி. எடுத்துவிடலாமா?" என்று கேட்டார். ஒரு படித்த பெண்மணி இவ்வளவு நேரம் நமக்காகத் தொண்டை வறளப் பேசியிருக்கிறார், பதில் பேசாமல் இருப்பது அழகா? "யா, பிட்டே" என்றேன். அதாவது, ஆமாம், தயவுசெய்து பிடுங்குங்கள். அவர் படிவம் எழுதிக் காப்பீட்டு அலுவலகத்துக்கு அனுப்பினார். அவர்கள் ஆலோசித்து, முத்திரை குத்தி, எனக்கு அனுப்பிவிட்டார்கள்.

கடிதம் வந்த அன்றே ரத்துசெய்யப் போனேன். வாசலில் இருந்த உதவியாளர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "நல்ல வேளை வந்தீர்கள், ஒருவர் வரவில்லை என்று சொல்லிவிட்டார், உங்களுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே தேதி தரலாம், வசதிப்படுமா?" என்றார். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார் தெரியுமா? நான் என்ன சொன்னேன் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஊருக்கு விடுமுறையில் போகவிருந்தோம், போய்த் திரும்புகிற நாலாம் நாளுக்கே என் பல்லுக்கு நாள் குறித்தாகிவிட்டது.

என் மகள் நித்யாவுக்குப் பதினோரு வயது. அவளுக்கு நேர் எதிரான வியாதி, 'ங்க'வே கிடையாது. "அப்பா, வா. அப்பா, நீ இதில் கையெழுத்துப் போடு" என்பாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு சூலூரில் இருக்கிற என் அக்காவிடம் தொலைபேசியில், "அத்தை, நீ சாப்பிட்டாயா?" என்று கேட்டுவிட்டாள். எஸ்.டி.டி. பூத்தில் நின்றிருந்த அக்கா போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள். பிறகு என்னிடம், "புள்ள நல்லாத்தான் பேசுது தம்பி. ஆருகூடப் பேசுதுன்னுதான் புரியல" என்றாள்.

3

பல்லை என்ன செய்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன். நான் இயந்திரக்காரன், எதையும் கோடு போட்ட தாளில் கட்டம் கட்டிப் பார்த்தால்தான் எனக்கு மூளை ஓடும்.

பிடுங்கிவிட்டுப் பாலம் கட்டலாம். அதற்கு இரண்டு பக்கமும் இருக்கிற நல்ல பற்களை அரம்போட்டு ராவிக் குச்சியாக்க வேண்டும். ஒரு பல் செய்த பாவத்துக்கு அதன் அக்கம்பக்கத்தார் தண்டனை அனுபவிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பிடுங்கிவிட்டு எலும்பில் திருகாணி இறக்கி அதன்மேல் பல் வைக்கலாம். புதிய முறை, டாக்டரம்மா ஒரு வண்ணத் துண்டறிக்கை கொடுத்தார். அதில் சிரித்துக்கொண்டிருந்த கிழவரின் வாயில் எது திருகாணிப் பல் என்று கண்டுபிடிக்க முடியவில்லை, அது நல்ல விஷயம்தான். ஆனால் நாள் முழுவதும் தொழிற்சாலையில் திருகாணியோடு மல்லுக்கு நிற்கிறவன் வாய்க்குள்ளும் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டுமா என்று தோன்றியது. வேருக்குள் மருந்து அடைக்கிற சிகிச்சை சில வகைக் கரைதலை நிறுத்துமாம், என்னுடையது அந்த வகை இல்லையாம். மிச்சம் இருப்பது எதுவும் செய்யாமல் விட்டுவைப்பது. அது இரண்டு வருஷமும் இருக்கும், பத்து வருஷமும் இருக்கும். முறுக்குக் கடிக்கும்போது போகலாம், மேலதிகாரியிடம் பேசும்போதும் போகலாம்.

பக்கத்து நகரத்துத் தமிழ்ச் சங்கச் செயலாளர் ஒருநாள் நலம் விசாரித்தார். "வேர் கரைந்துகொண்டிருக்கிறது" என்றேன். "அருமை" என்றார். பொங்கல் விழாவில் இருபது நிமிடம் அதே தலைப்பில் பேசுங்கள் என்றும் சொன்னார். இது பல் என்று விளக்கிச் சொன்னேன். "அப்படியே ஆரம்பியுங்கள், இன்னும் நன்றாக இருக்கும்" என்றார். பாக்கலாங்க என்றேன். அவர் வேறு மாவட்டத்துக்காரர், அழைப்பிதழில் என் பெயரை அச்சடித்துவிட்டார்.

4

படிவத்தில் பொய் சொன்ன கதைக்கு வருகிறேன்.

சூலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பாவுக்கு நாலு விசைத்தறி ஓடியது. தான் ஊரில் இல்லாதபோது பிள்ளைகள் தறியைத் தொடக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். எனக்குப் பதின்மூன்று வயது, ஈஸ்வரியக்காவுக்குப் பதினாறு. அப்பா நூல் வாங்கக் கோயமுத்தூர் போயிருந்தார், தறி ஓட்டுகிறவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அக்காவுக்குத் தறி என்றால் உயிர். "ஒரு மொழம் ஓட்டிப் பாத்துட்டு நிறுத்திப்போடறேன், நீ அறுந்த நூலப் பாத்துக்க" என்று கைப்பிடியைத் தள்ளினாள். நான் தறிக்குப் பக்கவாட்டில் நின்றிருந்தேன். குறுக்கு நூலான ஊடையைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறக்கிற மரக்கட்டையை நாடா என்போம், இரண்டு முனையிலும் இரும்புக் கொண்டை இருக்கும். அது நீளவாக்கில் கட்டிய பாவு நூலை விட்டு வெளியே பறந்து வந்து என் முன்பல்லில் அடித்தது. பல் வேரோடு கழன்று கழிவு நூல் குவியலில் விழுந்தது.

நான் அலறியது தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அக்கா தறியை நிறுத்தினாள், குவியலைக் கிளறிப் பல்லைக் கண்டுபிடித்தாள், குடத்துத் தண்ணீரில் அலசினாள். "வாயத் தொற சாமி" என்று சொல்லி, எது முன்பக்கம் எது பின்பக்கம் என்று பார்த்து, இருந்த குழியிலேயே வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். ஒரு துண்டுத் துணியை மடித்துக் கொடுத்துக் கடிக்கச் சொன்னாள். எல்லாம் முடிந்த பிறகுதான் அழுதாள்.

"அப்பாகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு. சொன்னா என்னையத் தறிக்கொட்டாய்ப் பக்கமே உடமாட்டாரு" என்றாள். சத்தியம் செய்துகொடுத்தேன். சாப்பிட முடியாததற்கு வயிற்றுவலி என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா விளக்கெண்ணெய் கொடுத்தாள். ஒரு வாரம் கஞ்சியும் விளக்கெண்ணெயுமாக ஓடியது. பல் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கல்லூரியில், வேலையில், ஜெர்மன் டாக்டரிடத்தில், யார் கேட்டாலும் அடிபட்டதில்லை என்றே சொல்லி வந்திருக்கிறேன். அப்பா காலமாகி ஆறு வருஷமாகிவிட்டது. ஆனால் சத்தியத்துக்குக் காலாவதித் தேதி போட நாங்கள் மறந்துவிட்டோம். படிவத்தில் அந்தக் கேள்வியைப் பார்த்தால் இப்போதும் அப்பா பின்னால் நின்று எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும், பேனா தானாக 'இல்லை'க்குப் போய்விடும்.

5

ஊருக்கு வந்ததும் சுமதியும் நித்யாவும் சத்தியமங்கலம் போனார்கள். நான் சூலூரில் அக்கா வீட்டில் தங்கினேன். இப்போது அந்த நாலு தறி பன்னிரண்டாகிவிட்டது, நடத்துவது அக்காதான். சிங்காநல்லூரில் ஒரு பல் டாக்டரிடம் இன்னொரு அபிப்பிராயம் கேட்டுவிட்டு வர வேண்டும், அக்காவுக்குத் தெரியக் கூடாது என்பது என் திட்டம். அவள் வைத்த பல் அழிந்துகொண்டிருக்கிறது என்று அவளிடம் சொல்ல எனக்கு மனமில்லை.

திட்டம் ஒரு கொய்யாப்பழத்தில் உடைந்தது. அறுக்காமல் முழுசாகக் கொடுத்தாள். நான் கடைவாயில் வைத்துக் கடித்தேன்.

"ஏந்தம்பி, ஒருச்சாச்சுக் கடிக்கறே?"

"சும்மாதானுங்க்கா."

"ஒவ்வொரு தடவையும் நீ வந்து பெட்டியக் கீழ வெக்கறதுக்கு முன்னாடி அந்தப் பல்லத்தான் மொதல்ல பாப்பேன். என்கிட்டயே சும்மாங்கறியா?" என்றாள். இருபத்து மூன்று வருஷமாக அவள் என்னைப் பார்த்துச் சிரித்ததெல்லாம் பல்லைச் சரிபார்க்கத்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சிங்காநல்லூர் போக நான் ஏறிய காந்திபுரம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். தறிக்கு நூல் சுற்றுகிற பாபின் வாங்க வேண்டியிருக்கிறதாம், போகிற வழிதானாம்.

சிங்காநல்லூர் டாக்டர் நாற்பது வயதுக்காரர். வாசலில் செருப்பு, சுவரில் மோட்டார் பம்புக் கம்பெனிக் காலண்டர். ஜெர்மன் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தட்டிப் பார்த்தார். இங்கேயும் 'டிங்' என்றது.

"ஏனுங்க, இந்தப் பல்லுல எப்பவாச்சும் அடிகிடி பட்டுச்சுங்களா?"

"இல்லீங்க" என்றேன். பழக்கம்.

பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து நின்றாள். "பட்டுதுங்க. நாந்தானுங்க அடிச்சுப்போட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றுதான் முதலில் நினைத்தேன். அக்கா நடந்ததை முழுவதும் சொன்னாள். டாக்டர் கையிலிருந்த கண்ணாடிக் குச்சியைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"பல்லு எத்தன நேரம் வெளிய இருந்துச்சுங்க?"

"தறிய நிறுத்தி, தேடி, அலசி... அஞ்சு நிமிசங் கூட ஆகலீங்க."

"வேர்ப்பக்கத்தச் சொரண்டினீங்களா, தொடச்சீங்களா?"

"இல்லீங்க. தலைப்பக்கத்தப் புடிச்சுத் தண்ணியில ரெண்டு முக்கு முக்குனேன். பயமாப் போச்சுங்க, வேரத் தொட."

"அப்பறம் கடிக்கத் துணி குடுத்தீங்க."

"ஆமாங்க. எங்க தறித் துணிதானுங்க. புதுசு."

டாக்டர் என்னை விட்டுவிட்டு நாற்காலியைத் திருப்பி அக்காவைப் பார்த்தார். "நாலு வருசம் படிச்சுப்போட்டு வந்து நான் இதேதானுங்க செய்வேன். கையுறை போட்டுக்குவேன், அவ்வளவுதான் வித்தியாசம்."

அக்கா அதைக் கேட்கிற நிலையில் இல்லை. "அப்பறம் ஏனுங்க வேரு கரையுது? நான் வெச்சது தப்பாப் போச்சுங்களா?"

அவர் நிதானமாகச் சொன்னார். கழன்ற பல்லைத் திரும்ப வைத்தால் சில சமயம் சுற்றியிருக்கிற எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் வருஷக்கணக்கில் வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று அந்த இடத்தில் தன்னையே நிரப்பிக்கொள்கிறது. யார் வைத்தாலும் நடக்கக்கூடியதுதான், தடுக்க மருந்து இல்லை. இவ்வளவும் சொல்லிவிட்டு, "உங்களாலதான் கரையுதுன்னு நெனைக்கறீங்க. உங்களாலதானுங்க இருபத்தி மூணு வருசம் இருந்துச்சு. அன்னிக்கு நீங்க எங்க கூட்டிட்டுப் போயிருந்தாலும் அதைய வீசிப்போட்டு ஊசி போட்டு அனுப்பியிருப்பாங்க" என்றார்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நான் வாயைத் திறந்தபடி படுத்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது, வாயில் பஞ்சு இருந்ததால் அழ முடியவில்லை. இத்தனை வருஷம் நான் ரகசியத்தைக் காப்பாற்றுவதாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரம் முழுவதும் அவள் குற்றத்தைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். ஒரு வார்த்தை பேசியிருந்தால் முடிந்திருக்கும். பேசாமல் இருப்பதுதான் பாசம் என்று இரண்டு பேரும் நினைத்திருக்கிறோம்.

"இப்ப எடுக்க வேண்டியதில்லீங்க. வலியில்ல, சீழில்ல. வருசத்துக்கு ஒருக்காப் படம் எடுத்துப் பாருங்க. அதுவா ஆட்டங் காணறப்ப எடுத்துப்போட்டுப் பல்லு வெச்சுக்கலாம். சரிங்களா?" என்று என் வாயிலிருந்த பஞ்சை எடுத்துக்கொண்டே கேட்டார் டாக்டர்.

"சரிங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "எந்தச் சரிங்க? கேட்டுக்கிட்டதுக்கா, ஒத்துக்கிட்டதுக்கா?"

"ஒத்துக்கிட்டதுக்குங்க."

"அப்ப சரிங்க" என்று எழுதிக்கொண்டார். நாற்காலியில் படுத்திருக்கிற ஒருவனிடம் இப்படி விசாரிக்க வேண்டும் என்று தெரிந்த டாக்டர் உலகத்திலேயே எங்கள் ஜில்லாவில்தான் இருப்பார் என்று நினைக்கிறேன்.

6

திரும்பி வந்த நாலாம் நாள் டாக்டரம்மாவின் நாற்காலியில் இருந்தேன். முந்தின நாள் தொலைபேசியில் ரத்துசெய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். செய்துபார்த்தேன். 'நாளை வருகிறீர்கள் அல்லவா?' என்று உதவியாளர் கேட்டார். நான் சொன்னது அதே 'யா, பிட்டே'தான்.

ஊசி தயாராக இருந்தது. டாக்டரம்மா கையுறை போட்டுக்கொண்டார். நான் எழுதி வைத்திருந்த பேச்சை ஆரம்பித்தேன். தங்கள் சேவைக்கு நன்றி, தங்கள் திறமையில் எனக்கு முழு நம்பிக்கை, தொழிற்சாலையில் எல்லோரும் தங்களைப் புகழ்கிறார்கள் என்று நாலு வாக்கியம். அவர் இதைப் பயம் என்று நினைத்துக்கொண்டு என் தோளைத் தட்டி, "இரண்டே நிமிடம்தான். ஆரம்பிக்கலாமா?" என்றார்.

யா என்று நாக்கு மேலே எழும்பியது. எங்கேயோ பன்னிரண்டு தறிக்கு நடுவில் நிற்கிற அக்காவின் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. "நைன்" என்றேன். வேண்டாம். தறிக்கொட்டாயில் வளர்ந்தவன் குரல் கொஞ்சம் பெரியது, வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். அவருக்குக் கோபம் இல்லை. "நல்லது. நானும் விட்டுவைக்கவே விரும்பினேன். நீங்கள்தான் தயவுசெய்து எடுங்கள் என்றீர்கள், எனக்கு அன்றைக்கே ஆச்சரியமாக இருந்தது" என்றார். பிறகு நான் நடந்ததைச் சொன்னேன். தறி, நாடா, குடத்துத் தண்ணீர், துணி. அவர் என் பழைய படிவத்தில் 'இல்லை'யை அடித்துவிட்டு 'ஆம், விபத்து' என்று எழுதினார். நோய்க்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று அவருக்கு ஒரே மகிழ்ச்சி.

7

உண்மையைச் சொன்னால் இந்த நாட்டில் அதற்கும் ஒரு படிவம் வருகிறது. மூன்றாம் வாரம் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து விபத்து விசாரணைத் தாள் வந்தது. விபத்து எங்கே நடந்தது, வேலை நேரத்திலா, போலீசுக்குச் சொல்லப்பட்டதா, காயம் ஏற்படுத்தியவர் யார், அவருடைய முழு முகவரி என்ன. பொறுப்பானவர் யார் என்று தெரிந்தால் அவர்மேல் நடவடிக்கை எடுப்பார்களாம். ஏழாயிரம் கிலோமீட்டர் தாண்டிச் சூலூருக்கு வந்து அக்காவைக் கேள்வி கேட்க இவர்கள் தயார்.

இப்போதெல்லாம் நித்யாதான் எனக்குப் படிவம் நிரப்புகிறவள், அவள் ஜெர்மன் எழுத்தில் பிழை இருக்காது. சமையலறை மேசையில் உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னேன். அவள் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள். விளக்கெண்ணெய் வந்த இடத்தில் மட்டும் சிரித்தாள்.

"அடிச்சது யாரு? பேர் எழுதணும். அத்தையா?"

"அத்தை இல்லை, நாடா" என்றேன்.

நாடாவுக்கு ஜெர்மனில் என்ன என்று தேடினோம். எங்கள் தொழிற்சாலை அகராதியில் இருந்தது. குட்டிக் கப்பல் என்று பொருள்படும் ஒரு சொல். நித்யா அதை அப்படியே எழுதினாள். காயம் ஏற்படுத்தியது ஒரு குட்டிக் கப்பல், இடம் சூலூர். வரைபடத்தை எடுத்துக் கடலைத் தேடப்போகிற அந்த அலுவலரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

அடுத்த கட்டத்தில் இன்னொரு கேள்வி இருந்தது. 'விபத்துக்குப் பின் முதலில் சிகிச்சை அளித்த மருத்துவரின் பெயர், முகவரி.'

"இதுக்குக் கோடு போட்டுடலாமா அப்பா? டாக்டர்கிட்டதான் போகலையே."

"கோடு போடாதே. ஈஸ்வரி, விசைத்தறிக் கூடம், சூலூர், கோயமுத்தூர் ஜில்லா. எழுது."

எழுதினாள். பெயருக்கு முன்னால் ஒரு சின்னக் கட்டம் காலியாக இருந்தது. பட்டம் இருந்தால் அதில் போட வேண்டும். நித்யா பேனாவை அங்கே கொண்டுபோய் நிறுத்திக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்தை டாக்டரா அப்பா?"

"ஆமாம்" என்றேன். "எழுது."